இராஜேஸ்வரியின் தற்செயல்கள்

கிளென் வேவர்லிப் பக்கத்துத் தமிழ்ச் சனத்துக்குள் தற்செயலாக ஏதும் நடந்தால், அதற்கு இராஜேஸ்வரி இரண்டு கிழமைக்கு முன்பே நாள் குறித்துவிட்டாள் என்று அர்த்தம். கோயில் வாசலில் ஒரு பெடியன் தாய் தகப்பனோடு நிற்பான். ஒரு பெட்டை தன் சித்தியோடு காரில் வந்து இறங்குவாள். "அட, நீங்களும் இஞ்சையே!" என்று ஒரு குரல் கோபுரம் அதிரக் கேட்கும். அது இராஜேஸ்வரியின் குரல். அடுத்த ஆவணிக்குள் இரண்டு வீட்டார் பெயரும் ஒரே அழைப்பிதழில் ஏறிவிடும்.

அவளைக் கல்யாணத் தரகர் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. "நான் என்ன காணி விக்கிறனே? சும்மா அந்தப் பக்கம் போனனான். அவையும் வந்தவை. அவ்வளவுதான்" என்று சீறுவாள்.

வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பது அவளுக்குக் கட்டோடு பிடிக்காது. ஒரு பிள்ளையைச் சேலை உடுத்தி, பலகாரத் தட்டைக் கையில் கொடுத்து, பத்துப் பேருக்கு முன்னால் நிறுத்திவிட்டு, பிறகு சரிவராது என்று தொலைபேசியில் சொல்லியனுப்பினால், அந்தப் பிள்ளை எத்தனை நாளைக்குக் கண்ணாடி பார்க்காது? ஆகவேதான் தற்செயல். பார்க்க வந்ததாகவே இல்லையென்றால், வேண்டாம் என்று சொன்னதாகவும் இல்லை. வேடிக்கை பார்க்கப் போதுமான ஒரு பொது இடம் வேண்டும். பெண்ணுக்கு முழுதாகச் சொல்லக் கூடாது, சொன்னால் முகம் விறைத்துவிடும். கூட வந்த ஒரு பெரிய மனிசிக்குத் தகுந்த நேரத்தில் கால் உளைய வேண்டும், அவ போய் இருந்துவிட்டால் மற்றவர்களும் மெல்லக் கழன்றுகொள்ளலாம்.

வேண்டாம் என்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தாள். "நேரம் போட்டுது, பால் வாங்கோணும்" என்று யாராவது ஒரு பக்கத்தார் சொன்னால் காரியம் முடிந்தது. மற்றப் பக்கத்தார் "ஓமோம், எங்களுக்கும் அலுவல் கிடக்கு" என்று சிரித்த முகத்தோடு வெளிக்கிட வேண்டும். யார் முகமும் வாடாது, யாரும் யாரையும் தள்ளியதாகவும் இல்லை. இந்தச் சூத்திரம் பரவிய பரவலில், நம்முடைய ஆட்கள் கூடும் இடத்தில் யாராவது மெய்யாகவே பால் வாங்கப் போனால்கூட நாலு தலை திரும்பும்.

வார நாட்களில் அவளுக்கு வேறு உத்தியோகம். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகளைத் தெருக் கடக்க விடுவாள். செம்மஞ்சள் அங்கியும், கையில் வாகனம் மறிக்கிற பலகையும், கழுத்தில் விசிலுமாக அவள் நடுத்தெருவில் போய் நின்றால், எப்பேர்ப்பட்ட கொம்பனுடைய காரும் நின்றுதான் ஆகவேண்டும். விசில் இரண்டு தரம் கேட்டால் கடக்கலாம். கேட்காமல் காலெடுத்து வைத்த பிள்ளை அன்றைக்குத் தொலைந்தது. அங்கியையும் பலகையையும் வெள்ளிக்கிழமை மாலையோடு கார் டிக்கியில் போட்டுவிடுவாள். விசில் மட்டும் சனி ஞாயிறிலும் கைப்பைக்குள் கிடக்கும்.

ஊரெல்லாம் சோடி சேர்த்தவளின் வீட்டில் இரண்டு பேர்தான். அவளும் மகள் வினுஷாவும். கணவர் சிறிதரன் ஒரு புரட்டாதி மாதம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கண்ணயர்ந்தவர், பிறகு எழும்பவில்லை. எட்டு வருடமாகிறது. "உனக்கும் ஒருத்தரைப் பாக்கட்டோடி?" என்று சிநேகிதி விமலா ஒருதரம் வாய்விட்டுக் கேட்டதற்கு, "எனக்கென்ன குறை? பள்ளிக்கூடம் கிடக்கு, பிள்ளை கிடக்கு" என்று பதில் வந்தது. அதோடு மூன்று மாதம் விமலாவோடு பேச்சும் இல்லை. ஆனால் வினுஷா வைத்தியசாலையில் பின்னேர வேலைக்குப் போகிற நாட்களில், பொழுதுபடும்போது இராஜேஸ்வரி தொலைக்காட்சியைப் பெரிய சத்தத்தில் போட்டுவிடுவாள். பார்க்க அல்ல. வீட்டுக்குள் ஆள் சத்தம் வேண்டும். தனிமை அவளை அரித்துக்கொண்டுதான் இருந்தது, வெளியில் சொல்ல மட்டும் வெட்கம்.

அந்தச் சத்தத்தை ஒருநாள் வினுஷா வேலை முடிந்து வரும்போது தெருமுனையிலேயே கேட்டுவிட்டாள். மறுநாளே விமலாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

பிறகு நடந்ததெல்லாம் இராஜேஸ்வரியின் பள்ளியில் படித்த பாடம்தான். வினுஷாவோடு வேலை செய்கிற சுபாங்கன் என்ற பெடியனுடைய தகப்பன், வரதராஜா, சிட்னியில் வென்ட்வேர்த்வில்லில் தனியே இருக்கிறார். மனைவி இறந்து ஐந்து வருடம். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிதர், பகிடிக்காரர். இரண்டு பிள்ளைகளும் விமலாவும் கூடிப் பேசி, அவரை மகனிடம் வரவழைத்து, இராஜேஸ்வரிக்கு ஒரு தற்செயல் ஏற்பாடு செய்தார்கள். இராஜேஸ்வரிக்கே! மீனுக்கு நீச்சல் காட்டுகிற வேலை. அவளுக்கு மட்டும் தெரியாது.

"அம்மா, சனிக்கிழமை ஒரு இடம் போவம். மலைப்பக்கம் ஒரு மெடீவல் ஸ்ட்ரீட் இருக்கு" என்றாள் வினுஷா.

"அப்பிடியெண்டா?"

"ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின மாதிரி வீடுகள், அம்மா. ஒரு தெரு முழுக்கக் கட்டி வைச்சிருக்கினம். ஒரு வீடு ரியலாவே இங்கிலாந்திலை இருந்து கழட்டி, கப்பலிலை கொண்டுவந்து பூட்டினதாம். விமலா அன்ரியும் வாறா."

இராஜேஸ்வரியின் காது விடைத்தது. சனிக்கிழமையில் பன்னிரண்டு மணிக்கு முன் போர்வையை விலக்காத பிள்ளை. வேடிக்கை பார்க்க ஒரு பொது இடம். கால் உளையக்கூடிய ஒரு பெரிய மனிசி. அவளுக்கு எல்லாம் வெளித்துவிட்டது. மகளுக்கு ஒரு பெடியனைப் பிடித்திருக்கிறது, தாய்க்குத் தற்செயலாகக் காட்டப்போகிறாள்! "என்ரை பிள்ளை!" என்று அவளுக்குக் கண் கலங்கியது. தொழில் தெரிந்த பிள்ளை. ஒன்றும் தெரியாதவள்போல நடிக்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவெடுத்தாள்.

சனிக்கிழமை காலை குளிர்ப்பெட்டியில் ஒரு சொட்டுப் பால் இல்லை. முதல்நாள் வாங்கி வருவதாகச் சொன்ன வினுஷா மறந்துவிட்டாள். வேறு நாளென்றால் வீடு இரண்டுபட்டிருக்கும். அன்றைக்கு இராஜேஸ்வரி வெறுந்தேத்தண்ணியை அமிர்தம்போலக் குடித்தாள். "அம்மா, அந்த மயில்கழுத்துச் சாறியைக் கட்டுங்கோ" என்று மகள் சொன்னதற்கும் மறுபேச்சுப் பேசவில்லை. தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்று மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியாதா? அவர்கள் முதலில் தாயைத்தானே பார்ப்பார்கள்!

அந்தத் தெருவைப் பார்த்ததும் அவளுக்குத் தன் நடிப்பே மறந்துபோயிற்று. உருண்டைக் கல் பாவிய ஒடுக்கமான ஒழுங்கை. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவருக்குக் குறுக்கும் மறுக்குமாகக் கறுத்த மரச்சட்டங்கள் ஓடுகிற வீடுகள். ஒன்றாவது நேராக நிற்க வேண்டுமே! ஒவ்வொரு வீட்டின் மேல்மாடியும் கீழ்மாடியை விட்டு ஒரு முழம் முன்னுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அதற்கு மேல் இன்னொரு மாடி, அது இன்னொரு முழம். உச்சியில் இரண்டு பக்கத்து வீடுகளும் காதோடு காது வைத்து ஊர்வம்பு பேசுகிற அன்ரிமாரைப்போல நெருங்கியிருந்தன. நடுவில் ஒரு நாடா அகலத்துக்கு வானம்.

"ஐயோ, இதுக்குக் கவுன்சில்காரன் எப்பிடிப் பெர்மிட் குடுத்தவன்?" என்றாள் இராஜேஸ்வரி.

"அட, நீங்களும் இஞ்சையே!" என்றாள் விமலா.

எதிரில் ஒருவரும் இல்லை. விமலா பதற்றத்தில் முந்திவிட்டாள். கொஞ்சம் பொறுத்துத்தான் மூலை திரும்பி ஒரு பெடியனும் ஒரு நெட்டை மனிதரும் வந்தார்கள். விமலா அதே வசனத்தை இரண்டாந்தரமும் சொல்ல வேண்டியதாயிற்று. இராஜேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கற்றுக்குட்டிகளின் வேலை இப்படித்தான் இருக்கும்.

பெடியன் வடிவானவன்தான். தகப்பனுக்கு அறுபத்திரண்டு வயது சொல்லலாம். கிளிப்பச்சை நிறத்தில் ஒரு சட்டை போட்டிருந்தார். அதை எந்தக் கடைக்காரன் எந்தத் துணிச்சலில் விற்றானோ!

இங்கிலாந்திலிருந்து வந்த அந்த அசல் வீடு தெரு நடுவில் நின்றது. வாசலில் மெழுகுதிரி மாடமும், உள்ளே இருட்டும், நூற்றாண்டு நூற்றாண்டாகப் புகை குடித்த மர வாசமுமாக இருந்ததைக் கண்டு இராஜேஸ்வரி தன்னையறியாமல் செருப்பைக் கழற்றினாள். விமலா கழற்றினாள். மற்றவர்களும் கழற்றினார்கள். பின்னால் வந்த வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று அந்தச் செருப்பு வரிசையைப் பார்த்துவிட்டு, இங்கே அதுதான் முறை போலும் என்று தங்கள் சப்பாத்துகளையும் கழற்றியது. அவர்களுக்குப் பின்னால் வந்த சீனப் பயணிகளும் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் அந்த வாசல் கோயில் திருவிழா வாசலாகிவிட்டது. காவலுக்கு நின்றவர் தலையைச் சொறிந்தார்.

இராஜேஸ்வரிக்கு மாப்பிள்ளை பார்ப்பதில் ஒரு தனிக் கணக்கு உண்டு. முகத்தை அல்ல, கழற்றி வைத்த சப்பாத்தைப் பார்ப்பாள். பெடியனுடைய சப்பாத்து ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே. தகப்பனுடையவை துடைத்து, சோடியாக, மூக்கு வெளியே பார்க்க நின்றன. காலுறை இரண்டும் மடித்து உள்ளே இருந்தன. "தகப்பன் ஒழுங்கான மனிசன். பெடியனைத் திருத்திப்போடலாம்" என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டு உள்ளே போனாள்.

டொம் என்று ஒரு சத்தம். ஒழுங்கான மனிதர் வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டார். ஐந்நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரன் குள்ளனாக இருந்திருக்க வேண்டும். அவன் வைத்த வாசலுக்கு வரதராஜாவின் உயரம் தோதுப்படவில்லை. குசினி வாசலில் இன்னொரு டொம். "குனிஞ்சு வாங்கோ!" என்று இராஜேஸ்வரி பள்ளிக்கூடத்துக் குரலில் கத்தினாள். "ஓம்" என்று பணிவாகத் தலையாட்டினார். தலையாட்டியதில் மூன்றாவது டொம்.

"வெளியிலை வந்து இருங்கோ" என்று அவள் அவரைக் கூட்டிவந்து, எதிர்வீட்டு வாசலில் கிடந்த வாங்கில் இருத்தி, விமலாவின் சாப்பாட்டுப் பெட்டிக்குள்ளிருந்து குளிர்ந்த இஞ்சிச் சோடாத் தகரக் கான் ஒன்றை எடுத்து நெற்றியில் வைக்கக் கொடுத்தாள்.

"எனக்குக் கால் உளையுது, நான் அங்காலை இருக்கிறன்" என்று விமலா கழன்றாள். இராஜேஸ்வரிக்கு இது நல்ல தருணமாகப் பட்டது. "பிள்ளையள், நீங்கள் ரெண்டுபேரும் தெருவைச் சுத்திப் பாருங்கோ, நாங்கள் இஞ்சை இருக்கிறம்" என்று வினுஷாவையும் சுபாங்கனையும் துரத்தினாள். பிள்ளைகளுக்கும் அதுதானே வேண்டும்! இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினார்கள். இவ்வளவு இலகுவாக வலையில் விழுந்த மீனை அவர்கள் கண்டதில்லை.

எதிர்காலச் சம்பந்திதானே என்ற எண்ணத்தில் இராஜேஸ்வரி கூச்சமில்லாமல் பேசினாள். அவரும் நெற்றியில் கானை உருட்டிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு வருஷமாப் புட்டு அவிக்கிறன், இராஜேஸ்வரி. ஒரு நாளாவது குழலுக்குள்ளாலை முழுசா வெளியிலை வரவேணுமே!"

"தண்ணி கூடிப்போச்சு."

"அதைத்தான் மகனும் சொன்னவன். தானே குழைக்கிறன் எண்டு வந்தான். கடைசியிலை குழலையும் சேத்துக் குப்பையிலை போட்டனாங்கள்."

அவள் சிரித்தாள். அவர் தன் பஸ்ஸில் ஒருநாள் ஆடு ஏறிய கதையைச் சொன்னார். அந்த ஆடு இறங்க மனமில்லாமல் கடைசித் தரிப்பு வரை வந்ததாம். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தான் தெருவில் பலகை பிடிக்கிற நேரத்தில் ஒரு வாத்துக் குடும்பம் விசிலுக்குக் காத்திருந்து கடந்த கதையைச் சொன்னாள். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்படிச் சிரித்து எவ்வளவு காலம் என்று அவளுக்கு ஒரு கணம் தோன்றி மறைந்தது. சம்பந்தி என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும்! ஆனால் வந்த அலுவலை மறக்கக் கூடாது. பெடியனைத் தனியே பிடித்து நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று எழுந்தாள்.

சுபாங்கன் மெழுகுதிரி வார்க்கிற கடையில் நின்றான். வினுஷா கொஞ்சம் தள்ளி விமலாவோடு குசுகுசுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, சமைப்பீரோ?"

"பாஸ்தா செய்வன், அன்ரி."

"புட்டுக் கதை கேள்விப்பட்டனான். சரி, பாஸ்தா போதும். கோவம் வருமோ?"

"அவ்வளவா வராது, அன்ரி."

"நல்லது. அப்ப கலியாணத்தை எப்ப வைக்கிறதா யோசனை?"

"ஃபெப்ரவரியிலை, அன்ரி. சேர்ச் புக் பண்ணியாச்சு." அவன் முகம் மலர்ந்தது. "கிளாராவின்ரை சொந்தக்காரர் எல்லாரும் இத்தாலியிலை இருந்து வருகினம்."

இராஜேஸ்வரிக்குக் காதுக்குள் கூவென்றது. சேர்ச். கிளாரா. நிச்சயம் செய்த பெடியனை என்னுடைய பிள்ளைக்குக் காட்டவா இந்தக் கூட்டம்? அந்தக் கிளிப்பச்சைச் சட்டை இவ்வளவு நேரமும் ஆட்டுக் கதை சொல்லி என்னை மயக்கியதா? அவள் திரும்பிப் பார்த்தபோது வினுஷாவைக் காணவில்லை. தாயின் முகத்தைக் கண்டதும் அந்தப் பிள்ளை மூலைக்குள் பதுங்கிவிட்டாள்.

"வினுஷா!"

அசல் வீட்டுக்குள் ஓடியிருப்பாள் என்று இராஜேஸ்வரி அங்கே பாய்ந்தாள். அந்தக் கோபத்திலும் வாசலில் செருப்பைக் கழற்ற மறக்கவில்லை. மரப்படி கிரீச்சிட மேலே ஏறினாள். மேல்மாடியின் தரை ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. கதவடியில் கால் வைத்தவள், நிற்க நினைத்தும் நிற்க முடியாமல், குடுகுடுவென்று ஓடிப்போய் எதிர்ச் சுவரில் முட்டித்தான் நின்றாள். அங்கே ஒரு ஜன்னல் இருந்தது. தெருவைப் பார்த்துக் கத்துவதற்காக அதைத் தள்ளித் திறந்தாள்.

எதிர்வீட்டு மேல்மாடி ஜன்னலில், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில், வரதராஜா நெற்றியில் கானோடு இருந்தார். மேலே போய் இருந்தால் காட்சி நன்றாகத் தெரியும் என்று விமலா அவரை ஏற்றிவிட்டிருந்தாள்.

"உங்கடை மகனுக்கு மாசியிலை கலியாணமாம்!" என்றாள் இராஜேஸ்வரி.

"ஓம். நீங்களும் கட்டாயம் வரவேணும்."

"வரவேணுமோ? முடிவான பெடியனை என்ரை பிள்ளைக்குக் காட்ட உங்களுக்கு என்ன துணிவு?"

வரதராஜா கானை நெற்றியிலிருந்து எடுத்தார். குனிந்து கீழே பார்த்தார். கீழே விமலாவும் வினுஷாவும் சுபாங்கனும், நாடா அகல வானத்தில் ஏதோ அதிசயம் தெரிகிற மாதிரி அண்ணாந்து நின்றார்கள்.

"அவனைக் காட்டக் கொண்டுவரேல்லை" என்றார் மெதுவாக. "என்னைத்தான் கொண்டுவந்தவை."

"ஆருக்குக் காட்ட?"

"உங்களுக்கு." அவர் கானைக் கைமாற்றிக்கொண்டார். "உங்களுக்குத் தெரியுமெண்டுதான் நான் நினைச்சனான். இவ்வளவு நேரமும் ஆட்டுக் கதையெல்லாம் சொல்லிக்கொண்டு... என்னை மன்னியுங்கோ."

இராஜேஸ்வரி ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். பிடிக்காவிட்டாலும் அந்தத் தரை அவளைப் பின்னுக்குப் போகவிட்டிருக்காது. சனிக்கிழமை. பொது இடம். மயில்கழுத்துச் சேலை. பெண்ணுக்கு முழுதாகச் சொல்லக் கூடாது, சொன்னால் முகம் விறைத்துவிடும். ஒவ்வொன்றும் அவள் சொந்தக் கைவேலை! கோபப்படத்தான் நினைத்தாள். வந்தது வேறு ஏதோ. முகம் சுட்டது, கை தானாகவே சேலைத் தலைப்பைச் சரிசெய்தது. இத்தனை பெட்டைகளை வாசல்களில் கொண்டுபோய் நிறுத்தினேனே, எல்லாருக்கும் இப்படித்தான் இருந்ததா?

"என்ரை மனிசன்... சிறிதரன்..." என்று தொடங்கினாள்.

"தெரியும்" என்றார் வரதராஜா. "என்ரை மனிசிக்கு மிருணாளினி எண்டு பேர். அவ இருந்திருந்தால் இந்தச் சட்டையோடை என்னை வாசல் தாண்ட விட்டிருக்க மாட்டா."

அந்தச் சட்டை உண்மையிலேயே கோரம்தான். ஆனால் அதை இஸ்திரி போட்டிருந்தார். கழுத்துப் பட்டியில் மட்டும் ஒரு மடிப்பு அகப்படாமல் தப்பியிருந்தது. தனியே இருக்கிற மனிதருடைய இஸ்திரி. அதைப் பார்க்க அவளுக்கு மனம் இளகியது.

"விருப்பமில்லையெண்டால் பால் வாங்கோணும் எண்டு சொல்லுங்கோ" என்றார் அவர். "மகன் எல்லாம் சொல்லித் தந்தவன். முகம் வாடாமல் சிரிச்சுக்கொண்டு போகவேணும். நேற்றுக் கண்ணாடிக்கு முன்னாலை பழகிப் பாத்தனான்."

கீழேயிருந்து, இனியும் பொறுக்க முடியாத விமலா குரல் கொடுத்தாள். "ராஜி! நேரம் போகுதடி! பால் வாங்கோணுமோ?"

ஊர் என்ன சொல்லும் என்று அவள் மனம் பழைய பல்லவியை எடுத்தது. எந்த ஊர்? வாய் திறக்கக்கூடிய அத்தனை பேரும் அவள் சேர்த்து வைத்த சோடிகள். சிறிதரன் என்ன சொல்லுவார்? அவர் இருந்த காலத்தில், சனி ஞாயிறுகளில் அவளை ஊர்ச் சோலிக்கு ஏற்றியிறக்கிய சாரதியே அவர்தான். கல்யாணவீட்டுச் சாப்பாடு ஒன்று வருகிறதென்றால் போதும், அந்த மனிதருக்கு.

பால் வாங்கோணும். எத்தனை தடவை மற்றவர்களுக்காகச் சொன்ன சொல். இன்றைக்குச் சொல்ல வேண்டியவள் அவளேதான். நிமிர்ந்து பார்த்தாள். எதிர் ஜன்னலில் வரதராஜா கண்ணாடிக்கு முன்னால் பழகிய அந்தச் சிரிப்பை எடுத்து முகத்தில் பூட்டிக்கொண்டு, தயாராக, காத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சிரிப்பை அவளால் தாங்க முடியவில்லை.

கைப்பைக்குள் கைவிட்டாள். விசிலை எடுத்தாள். வாயில் வைத்து, இரண்டு தரம், அந்த ஐந்நூறு வருட வீட்டின் சட்டங்கள் நடுங்க ஊதினாள்.

கீழே நின்ற சுற்றுலாக் கூட்டம் ஒன்று திடுக்கிட்டு, ஏனென்று தெரியாமலே, தெருவின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குக் கடந்தது. வரதராஜா பதறி எழும்பி உத்தரத்தில் தலையை இடித்துக்கொண்டார். அந்த விசிலைக் கேட்டே வளர்ந்த வினுஷாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. "அம்மா!" என்று கூவிக்கொண்டு விமலாவைக் கட்டிப்பிடித்துச் சுழற்றினாள்.

"ஏனடி ஊதுறாய்? பால் வாங்கோணுமோ, வேண்டாமோ?" என்று விமலா சுழன்றபடியே கத்தினாள்.

"வேண்டாம்!" என்றாள் இராஜேஸ்வரி ஜன்னலால் தலையை நீட்டி. "பால் வீட்டிலை நிறையக் கிடக்கு! எல்லாரும் தேத்தண்ணி குடிக்க வாங்கோ!"

வீட்டில் ஒரு சொட்டுப் பால் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். கோயிலடியில் எல்லாம் பொய் சொல்லிப் பழகிய வாய், இப்படி ஒரு பொய்யை இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை. கீழே இறங்கி வந்தால், வாசலில் முப்பது சோடிச் செருப்புக்கு நடுவில் அவளுடையதைத் தேடியெடுத்து, சோடியாக, மூக்கு வெளியே பார்க்க வைத்துவிட்டு வரதராஜா பக்கத்தில் நின்றார். நெற்றி புடைத்திருந்தது. முகத்தில் இப்போது இருந்தது கண்ணாடிக்கு முன்னால் பழகிய சிரிப்பல்ல.

பின்னேரம் கிளென் வேவர்லி வீட்டு மணி அடித்தது. பெண்கள் காரில் முந்தி வந்துவிட்டார்கள், தகப்பனும் மகனும் பிந்தி வந்தார்கள். வினுஷா கதவைத் திறந்தாள். அந்த வாசல் வரதராஜாவின் தலைக்கு மேலே தாராளமாக இரண்டு சாண் உயரம். இருந்தாலும் அன்றைய அனுபவத்தில் மனிதர் நன்றாகக் குனிந்துதான் உள்ளே வந்தார். இரண்டு கையிலும் இரண்டு பெரிய பால் போத்தல்கள்.

"வீட்டிலை நிறையக் கிடக்கெண்டு சொன்னனீங்கள்தான்" என்றார். "எண்டாலும் இதுவும் இருக்கட்டும். இனி இந்த வீட்டிலை ஒருத்தரும் பால் வாங்கோணும் எண்டு வெளிக்கிட வேண்டாம்."

இராஜேஸ்வரி போத்தல்களை வாங்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். கேத்தில் கொதிக்கும்வரை, குளிர்ப்பெட்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெளியே விமலாவுக்கு ஆட்டுக் கதை முதலிலிருந்து நடந்துகொண்டிருந்தது. அன்று பொழுதுபட்டதும் அந்த வீட்டில் தொலைக்காட்சியைப் போட ஒருவருக்கும் நினைவு வரவில்லை.